காரமான கடல் உணவுச் சீஸ் டிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கரையோர வீடுகளில் இறாலையும் நண்டையும் எப்படி ஆக்குவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீஸ்தான் புதுசு. தொண்டியில் கேட்டாலும் கீழக்கரையில் கேட்டாலும் பாம்பனில் கேட்டாலும் சந்தேகங்கள் ஒரே மாதிரிதான் வருகின்றன: தண்ணி விட்டுவிட்டது, திரிந்துவிட்டது, உப்பு ஏறிவிட்டது. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து இங்கே தொகுத்திருக்கிறோம்.

டிப்புன்னா என்ன? சட்னி மாதிரியா, குருமா மாதிரியா?

முறுக்கையோ ரொட்டித் துண்டையோ முக்கி எடுத்தால் ஒட்டிக்கொண்டு வர வேண்டும், சொட்டக் கூடாது. இட்லி மாவைவிடச் சற்றே கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தால் மடிந்து மடிந்து விழுவதுதான் பதம். ஆற ஆற இறுகும் என்பதால் அடுப்பிலிருந்து இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

அமெரிக்காவில் மேரிலாந்து பக்கம், செசபீக் விரிகுடா நண்டுச் சதையில் கிரீம் சீஸ் சேர்த்து ஓவனில் சூடாக்கி எடுக்கும் நண்டு டிப் பேர்போனது. இங்கே சொல்வது அடுப்பிலேயே செய்யும் முறை. காரம் நம் ஊர் வத்தல், கடல் பொருள் நம் கரையில் ஏறுவது.

ஆறு பேருக்கு என்னென்ன, எவ்வளவு வேணும்?

உரித்துச் சுத்தம் செய்த இறால் 150 கிராம், நண்டுச் சதை 100 கிராம், சீஸ் 200 கிராம், கொழுப்பெடுக்காத பால் 200 மில்லி, வெண்ணெய் 20 கிராம், மைதா ஒரு மேசைக்கரண்டி, முண்டு வத்தல் ஆறு, பூண்டு ஐந்து பல், சின்ன வெங்காயம் எட்டு, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, இறால் வதக்க ஒரு தேக்கரண்டி எண்ணெய், எலுமிச்சை அரை மூடி, கொஞ்சம் கொத்தமல்லித் தழை. உப்பை எழுதாமல் விட்டது மறதியால் இல்லை; காரணம் பின்னால் வருகிறது. மொத்தம் ஏறக்குறைய முக்கால் கிலோ டிப் கிடைக்கும்.

சந்தையில் வாங்கும்போது கணக்கு வேறு. தலையும் ஓடும் போனால் இறாலில் பாதிதான் மிஞ்சும், ஆகவே 300 கிராம் வாங்குங்கள். நண்டில் கால் பங்குதான் சதை. 100 கிராம் சதைக்கு 400 கிராம் நண்டு வேண்டும்.

கடையில ரெண்டு மூணு மாதிரி சீஸ் இருக்கே, எதை வாங்குறது?

முதல்முறை செய்பவர்கள் கட்டியாகவோ துண்டாகவோ விற்கும் சாதாரணப் பதப்படுத்திய சீஸையே வாங்குங்கள், அட்டையில் ‘ப்ராசஸ்டு’ என்று இருக்கும். அதில் சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் போன்ற உப்புகள் சேர்ந்திருக்கும். உருகும்போது கொழுப்பும் தண்ணீரும் புரதமும் பிரிந்துபோகாமல் பிடித்து வைப்பது அந்த உப்புகள்தான். அதனால்தான் இந்தச் சீஸ் சாஸாக வழவழவென்று வருகிறது.

செடாரில் ருசி அதிகம், ஆனால் தனியாகப் போட்டால் திரியும் ஆபத்தும் அதிகம். 150 கிராம் பதப்படுத்திய சீஸ், 50 கிராம் செடார் என்று கலந்தால் இரண்டின் நல்லதும் கிடைக்கும். மொசரெல்லா பீட்சாவுக்கு ஆகும். டிப்பில் போட்டால் நூல் நூலாக இழுத்து, ஆறியதும் ஒரே உருண்டையாகிவிடும். பன்னீர் உருகவே உருகாது.

பாக்கெட்டில் துருவி வரும் சீஸ் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் தூவி வரும். அதைப் போட்டால் டிப் சற்று நறநறக்கும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவதே மேல்.

இறால், நண்டு, கணவாய், மீன், இதுல எது நல்லாருக்கும்?

எங்கள் ஓட்டு நண்டுக்கு. இழை இழையாகப் பிரியும் நண்டுச் சதை சீஸோடு இணைவதுபோல் வேறெதுவும் இணையாது. ஆனால் நண்டு மட்டும் போட்டால் மெல்ல ஒன்றும் இருக்காது, அதற்காகத்தான் இறால். நீலக்கால் நண்டு போதும், விலை கூடிய சேற்று நண்டு தேவையில்லை. கையில் தூக்கிப் பார்த்துக் கனமாக இருப்பதை எடுங்கள். வயிற்று மடிப்புக்கு வெளியே முட்டை கொத்தாக ஒட்டியிருக்கும் நண்டை வாங்காதீர்கள். அடுத்த பருவத்து நண்டு அதில்தான் இருக்கிறது.

கணவாய் போடுவதானால் இறாலுக்குப் பதிலாக, மெல்லிய வளையமாக நறுக்கிப் போடலாம். மீனில் விளமீன், பாறை மாதிரி இறுக்கமான வெள்ளைச் சதை மீன் ஆகும். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை வேண்டாம். அவற்றின் எண்ணெயும் வாசமும் சீஸோடு சண்டை போடும்.

எந்த வரிசையில செய்யணும், ஒண்ணு ஒண்ணாச் சொல்லுங்க.

வத்தலைக் காம்பு கிள்ளி, கொதிநீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பூண்டோடு விழுதாக அரைக்கவும். ஊறிய தண்ணீரில் இரண்டு கரண்டிக்கு மேல் ஊற்ற வேண்டாம். நண்டை இட்லிக் கொப்பரையில் 12 நிமிடம் ஆவியில் வேகவைக்கவும். தண்ணீரில் போட்டு அவித்தால் சதை தண்ணீரைக் குடித்துவிடும். ஆறியதும் சதையை எடுத்து ஒரு எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துப் போடுங்கள். ஓட்டுச் சில் இருந்தால் தட்டில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். கண்ணுக்குத் தப்பியது காதில் மாட்டும்.

இறாலைத் துணியில் ஒற்றி, மஞ்சளும் மிளகும் பிசறி, நன்றாகக் காய்ந்த சட்டியில் எண்ணெய் விட்டு இரண்டு நிமிடம் மட்டும் வதக்கவும். அரிசி வடிகட்டியில் கொட்டிப் பத்து நிமிடம் வடியவிட்டு, பட்டாணி அளவுக்கு நறுக்கவும். வடிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். அதே சட்டியில் ஊற்றிச் சுண்டவைத்தால் இரண்டு தேக்கரண்டி கெட்டிச் சாறு நிற்கும். டிப்பின் கடல் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. தனியே எடுத்து வையுங்கள்.

இப்போது அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, வத்தல் விழுதைப் போட்டு, பச்சை வாசம் போய் ஓரத்தில் செக்கச் செவேலென்று நெய் பிரியும்வரை கிளறவும். மைதா தூவி ஒரு நிமிடம் வறுக்கவும். வெதுவெதுப்பான பாலை மூன்று தவணையாக ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்டவும். பால் கெட்டியானதும் அடுப்பைச் சிம்மில் வைத்து, துருவிய சீஸைப் பிடி பிடியாகப் போடவும். முதல் பிடி கரைந்த பிறகே அடுத்தது. எல்லாம் கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இறால், நண்டு, சுண்டிய சாறு, கடைசியாக ஐந்தாறு சொட்டு எலுமிச்சை, கொத்தமல்லி.

இதில் இரண்டே விஷயம் மாறக்கூடாது: கடல் பொருள் தண்ணீர் வடிந்து உள்ளே போக வேண்டும், சீஸ் போட்ட பிறகு கொதிக்கக் கூடாது. இனி வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றை மீறியதால் வருவது.

முண்டு வத்தல்தான் போடணுமா? மிளகாய்த்தூள் போட்டா ஆகாதா?

ஆகும், ஆனால் வேறு மாதிரி இருக்கும். மிளகாயின் காரமும் நிறமும் தண்ணீரில் கரைவதைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். ஊறவைத்து அரைத்த விழுதை வெண்ணெயில் வதக்கும்போது நிறம் முழுக்க வெண்ணெயில் இறங்கி, டிப் முழுவதும் ஒரே சீராகப் பரவுகிறது. பாலில் நேராகத் தூளைப் போட்டால் மேலே மிதந்து, புள்ளி புள்ளியாகத் தெரியும், நாக்கில் பொடியாகவும் தட்டுப்படும். தூள்தான் இருக்கிறது என்றால் ஒன்றரைத் தேக்கரண்டி எடுத்து, அடுப்பைக் குறைத்து வெண்ணெயில் பத்து விநாடி புரட்டிய உடனே மைதாவைப் போடுங்கள். கருகினால் கசப்பு போகாது.

குண்டாக உருண்டிருக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் மாவட்டத்துச் சரக்கு கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேறெங்கும் போக வேண்டியதில்லை. சீஸும் பாலும் காரத்தை நன்றாக மட்டுப்படுத்தும். அதனால் விழுதாக நாக்கில் வைக்கும்போது ‘கொஞ்சம் கூடிப்போச்சோ’ என்று தோன்றினால் டிப்பில் சரியாக இருக்கும்.

டிப்பு செஞ்சு பத்து நிமிஷத்துல தண்ணியாப் போயிருச்சு, ஏன்?

இறால் தண்ணீர் விட்டிருக்கும். பச்சை இறாலை நேராகச் சாஸில் போட்டு வேகவிடுவதுதான் வழக்கமான தவறு. இறால் வேகும்போது சுருங்கி, தன்னிடமுள்ள நீரைக் கக்கும். அது சீஸோடு சேராமல் கீழே தங்கும். ஐஸில் உறைந்த பாக்கெட் இறாலில் இன்னும் மோசம், மேலே பூசியிருக்கும் பனிக்கட்டியும் கரைந்து சேரும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வடிகட்டி மேல் வைத்து உருகவிட்டு, ஒற்றி எடுத்த பிறகே சமைக்க வேண்டும்.

ஏற்கெனவே நீர்த்துப்போனதைச் சரிசெய்ய, இறாலையும் நண்டையும் அரித்து வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு தேக்கரண்டி சோள மாவை இரண்டு தேக்கரண்டி ஆறிய பாலில் கரைத்து ஊற்றி, சிம்மில் மூன்று நிமிடம் கிண்டினால் இறுகும். பிறகு சதையைத் திரும்பப் போடலாம். மாவை மட்டும் நேராகத் தூவிவிடாதீர்கள், கட்டி கட்டியாக நிற்கும்.

சீஸ் திரிதிரியா ஆயி, எண்ணெய் மேல மிதக்குது. தூக்கிக் கொட்டிரவா?

கொட்டாதீர்கள். சூடு அதிகமானால் சீஸிலுள்ள புரதம் இறுகிக் கொழுப்பை வெளியே தள்ளிவிடும், அதுதான் நீங்கள் பார்ப்பது. உடனே அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த பாலும் ஒரு துண்டு பதப்படுத்திய சீஸும் போட்டு விடாமல் அடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், இறால் நண்டை எடுத்துவிட்டு மிச்சத்தை வெதுவெதுப்பாக மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

சூடு அதிகமாகாமலே பால் திரிந்திருந்தால் புளிப்பைச் சந்தேகப்படுங்கள். தக்காளி, தயிர், அடுப்பில் இருக்கும்போதே பிழிந்த எலுமிச்சை எல்லாம் இதைச் செய்யும். பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம் இஞ்சி. பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது, அது பாலைத் திரியவைக்கும். இஞ்சி பூண்டு விழுது பழகியவர்கள் இந்த டிப்பில் இஞ்சியைத் தவிர்த்துவிடுங்கள். போட்டே தீர வேண்டும் என்றால் பால் ஊற்றும் முன்பே வெண்ணெயில் நன்றாக வதக்கிவிட வேண்டும்.

இறால் ரப்பர் மாதிரி ஆயிருதே?

இரண்டு நிமிடத்துக்கு மேல் சட்டியில் இருந்திருக்கும். இறால் ‘ல’ போல லேசாக வளைந்து, சிவப்பேறினால் வெந்தாயிற்று. முழுச் சுருளாகச் சுருண்டால் தாண்டிவிட்டது. கணவாய் இன்னும் கறார்: ஒன்றரை நிமிடத்தில் எடுத்தால் மெது, பத்து நிமிடம் விட்டால் செருப்புத் தோல், அதன் பிறகு முக்கால் மணி நேரம் வேகவிட்டால்தான் மறுபடி மெதுவாகும். டிப்புக்கு முதல் வழிதான்.

உப்பு வாயில வைக்க முடியல, சரிபண்ண முடியுமா?

சீஸில் உப்பு இருக்கிறது, கடல் பொருளில் இயல்பாகவே கொஞ்சம் இருக்கிறது, சுண்டவைத்த சாற்றில் அது இன்னும் செறிந்திருக்கிறது. அதற்கு மேல் நாம் போட்டால் மூன்றும் சேர்ந்து அடிக்கும். அதனால்தான் மேலே பொருள் பட்டியலில் உப்பே இல்லை. எல்லாம் முடிந்து, ருசி பார்த்து, குறைந்தால் மட்டும் ஒரு சிட்டிகை.

கூடிவிட்டால், அவித்து மசித்த ஒரு சிறு உருளைக்கிழங்கும் அரைக் கப் பாலும் சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் ஒரே வழி. உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டு எடுத்தால் உப்பை உறிஞ்சிவிடும் என்பதை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தடைக்காலத்துல என்ன செய்றது? கருவாடு, கூனி போடலாமா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுக்காரர்கள் வலையில் நண்டும் கணவாயும் அப்போதும் வரும், வரத்து குறைவு, விலை கூடுதல். அந்த நாட்களில் நண்டு மட்டும் 150 கிராம் சதையாகப் போட்டு, மிச்சத்துக்குப் பொடியாக நறுக்கி வதக்கிய காளானைச் சேர்த்தால் குறை தெரியாது.

காய்ந்த கூனி (பொடி இறால்) நல்ல யோசனைதான், ஆனால் ருசிக்காக மட்டும். இரண்டு மேசைக்கரண்டி கூனியை மண் போக மூன்று முறை அலசி, ஒற்றி, வெறும் சட்டியில் மொறுமொறுவென வறுத்து, பொடித்து வெண்ணெயோடு சேர்க்கவும். உப்புப் போட்டுக் காயவைத்த கருவாடு வேண்டாம்; ஊறவைத்துக் கழுவினாலும் சீஸின் உப்போடு சேர்ந்து முந்தின கேள்வியில் கொண்டுபோய் விடும்.

கவுச்சி வாடை தூக்கலா வருது. எலுமிச்சை நிறைய விடலாமா?

பாலில் விட்டால் திரியும் என்று மேலே சொன்னோம். எலுமிச்சையைச் சமைக்கும் முன்பு பயன்படுத்துங்கள்: முதுகு நரம்பை எடுத்த இறாலில் அரை மூடி பிழிந்து, ஐந்து நிமிடம் வைத்து, இரண்டு முறை கழுவி ஒற்றிவிட்டால் வாடை அடங்கும். அம்மோனியா மாதிரி மூக்கில் குத்தும் வாசம் வந்தால் அது கவுச்சி இல்லை, கெட்டுப்போனது. எதைப் போட்டும் அதை மறைக்கப் பார்க்கக் கூடாது.

பாலுக்குப் பதிலா தேங்காய்ப்பால் ஊத்தலாமா அக்கா?

பாதிக்குப் பாதி ஊற்றலாம், ருசியும் நம் பக்கமாக வந்துவிடும். முதல் பாலாக, கெட்டியாக இருக்க வேண்டும். சீஸை முதலில் பசும்பாலில் உருக்கி முடித்து, தேங்காய்ப்பாலை அடுப்பு அணைக்கும் முன் ஊற்றுங்கள். முழுக்கத் தேங்காய்ப்பாலில் செய்தால் கொழுப்பு மேல் கொழுப்பாகி, ஆறியதும் மேலே எண்ணெய் படியும்.

மீனும் பாலும் சேத்துச் சாப்பிட்டா வெண்புள்ளி வரும்பாங்களே, இது பரவாயில்லையா?

இந்தக் கேள்வி வராத வீடு இல்லை, அதுவும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கட்டாயம் வரும். ஆயுர்வேதத்தில் மீனையும் பாலையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எச்சரிக்கைதான் வீடுதோறும் பேச்சாக வந்திருக்கிறது. வெண்புள்ளி என்பது தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் செல்களையே தாக்குவது அதற்கு முக்கியக் காரணம். மீனும் பாலும் சேர்ந்தால் அது வரும் என்பதற்கு நவீன மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. சிப்பிச் சதையைப் பாலில் ஆக்கும் சூப் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் அன்றாட உணவு.

ஆனாலும் வீட்டில் யாராவது நம்பிக்கையின் பேரில் தவிர்த்தால் வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்குச் சீஸ் சேர்க்கும் முன்பே கொஞ்சம் இறாலை எடுத்து வத்தல் விழுதில் புரட்டிக் கொடுத்துவிடலாம். உண்மையாகக் கவனிக்க வேண்டியது ஒவ்வாமை. இறாலோ நண்டோ சாப்பிட்டுத் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தவர்கள் இதைத் தொடவே கூடாது. கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்பதும் கூடாது. அவர்களுக்கு வேறு பாத்திரத்தில், வேறு கரண்டியில் காளான் டிப் செய்யுங்கள்.

காலையில செஞ்சு வச்சுட்டு சாயங்காலம் விருந்தாளிக்கு வைக்கலாமா?

செய்து வெளியில் வைக்கக் கூடாது. சமைத்த கடல் உணவும் பாலும் சேர்ந்த பண்டம் அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம்தான். 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். நம் பக்கம் வருஷத்தில் பாதி நாள் ஒரு மணி நேரக் கணக்குதான் பொருந்தும்.

நல்ல வழி, பிரித்து வைப்பது. இறாலையும் நண்டையும் காலையிலேயே வேகவைத்து மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், வத்தல் விழுதையும் அரைத்துவிடுங்கள். விருந்தாளி வந்த பிறகு சாஸ் செய்யக் கால் மணி நேரம் போதும். மிஞ்சியது ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும். சூடுபடுத்தும்போது நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, இரண்டு கரண்டி பால் விட்டு, ஆவி பறக்கும்வரை கிளறுங்கள். எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும், ஒரே ஒரு முறை. ஃப்ரீஸரில் வைத்தால் சீஸ் மணல் மணலாகிவிடும்.

எதோட தொட்டுச் சாப்பிடணும்? சிப்ஸ் மட்டும்தானா?

சிப்ஸில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் அது எங்களுக்கு அவ்வளவு பிடித்ததில்லை. உப்புக் குறைந்த கை முறுக்கு, நெய் விடாமல் கல்லில் சுட்ட ரொட்டித் துண்டு, முறுகலாக வாட்டிய பரோட்டா, வெள்ளரிக்காய் எல்லாம் பொருந்தும். மார்கழி, தை மாதத்தில் பனங்கிழங்கு வரும்போது அவித்து, நடு நரம்பையும் நாரையும் உரித்து, விரல் நீளத்துக்கு ஒடித்து இதில் முக்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். கிழங்கின் லேசான இனிப்பும் மாவுத்தன்மையும் வத்தல் காரத்துக்கு அத்தனை இதம்.

வீட்டு விசேஷத்துக்கு அம்பது பேருக்குச் செய்யணும். எல்லாத்தையும் எட்டு மடங்கு போட்டாச் சரியா வருமா?

சீஸ், பால், மைதா, கடல் பொருள் எல்லாம் எட்டு மடங்குதான். வத்தல் மட்டும் ஆறு மடங்கோடு நிறுத்துங்கள். கூட்டத்தில் குழந்தைகளும் வயசானவர்களும் இருப்பார்கள், காரம் வேண்டுபவர்களுக்கு வதக்கிய விழுதைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். சுண்டிய சாறும் பாதி போதும், மொத்தமாகச் சேர்த்தால் உப்பு ஏறும்.

ஒரே அண்டாவில் செய்யாதீர்கள். அடியில் கொதித்துத் திரியும்போது மேலே சீஸ் கரையாமல் கிடக்கும், கை கிண்டி மாளாது. இறாலையும் மொத்தமாகச் சட்டியில் கொட்டினால் சட்டி ஆறி, வதங்காமல் தன் தண்ணீரிலேயே அவிந்துபோகும். கால் கிலோ கால் கிலோவாக வதக்குங்கள், சாஸை நான்கு தடவையாகச் செய்யுங்கள். பரிமாறும் இடத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, கீழே சின்னத் தீ எரிய வேண்டும். டிப் 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல், அதாவது விரல் வைத்தால் உடனே இழுத்துக்கொள்ளும் சூட்டில் இருக்கட்டும். அரை மணிக்கு ஒரு முறை ஒரு கரண்டி சூடான பால் விட்டு, அடிவரை கிளறிவிட ஒருவரை நிறுத்திவிடுங்கள். ஏடு படியாது.